சாவி எடுத்தவர்

பிரபுவின் மூக்கை நான்தான் உடைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில், ஊரே பார்க்க உடைத்தேன். தப்புதான். என்ன தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஆண்டனிராஜ். திண்டுக்கல்லில் ஒரு தோல்ஷாப்பில் பதினெட்டு வருஷமாக எலக்ட்ரீசியன். எங்களிடம் ஆறு டிரம்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயர மரப் பீப்பாய். உள்ளே முழங்கை நீளத்துக்கு மர முளைகள். தோலைப் போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிச் சுற்றவிட்டுப் பதப்படுத்துவோம். சரக்கு இறங்கியதும் ஒருவர் உள்ளே புகுந்து, முளையில் சிக்கிய சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த ஒருவர் அப்துல் சுக்கூர். ரத்தச் சொந்தம் இல்லை. ஆனாலும் எனக்கு மாமா.

உள்ளே போகிறவர் டிரம் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவார். சாவி இல்லாமல் டிரம் ஓடாது. அந்தத் தைரியத்தில்தான் மனுஷன் அந்த இருட்டுக்குள் தலையை விடுவார்.

மாமாவிடம் ஒரு கெட்ட பழக்கம். வெளியே வந்ததும் சாவியைத் திரும்ப மாட்ட மறந்து, இடுப்போடு பேகம்பூர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். டிரம் சும்மா கிடக்கும். முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார். நான் மாமாவைப் பிடித்துக் கத்துவேன்.

"யோவ் மாமா, சாவி என்ன அக்காவுக்கு வாங்குன வளையலா? தினமும் கொண்டு போய்க் காட்டிட்டு வாரீரு!"

"கோவிச்சுக்காத மாப்ள, மறந்துபோச்சு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

தை மாதம் புது கண்ட்ரோல் பேனல் வந்தது. அதைப் போட்டவன் சின்னாளப்பட்டிப் பையன் பிரபு. புரோகிராமை அவன் எழுதவில்லை. ஏஐ ஏஜென்டுகள் எழுதும், அவையே சோதிக்கும், இவன் ஓகே கொடுப்பான்.

"என்ன வேணும்னு நீங்களே போன்ல சொல்லுங்கண்ணே. ஏஜென்ட் கேட்டுக்கும்" என்றான்.

அன்றும் சாவி பேகம்பூர் போயிருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிச்சல். "சாவி இல்லாட்டியும், அதை எடுத்த அரை மணி நேரத்துல டிரம் தானா ஓடணும்" என்றேன். அது எதையோ திருப்பிக் கேட்டது. நானும் எதையோ சொல்லிவிட்டு போனை அவனிடம் நீட்டினேன். மறுநாளே வேலை செய்தது. முதலாளி முதல்முறையாக என் தோளில் தட்டினார்.

மாசியில் நோன்பு பிறந்தது. நோன்புக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு ஏது? மாமா வீட்டுக்குப் போகமாட்டார். மற்ற நாளில் கால் மணியில் முடிப்பவர், நாங்கள் சாப்பிடும் நேரத்திலும் டிரம்முக்குள்ளேயே சுரண்டிக்கொண்டிருப்பார். பதினெட்டு வருஷமாகப் பார்த்தவன் நான். பார்த்து என்ன பிரயோசனம், மண்டையில் ஏறவில்லையே!

மூன்றாம் நோன்பு. தூக்குச்சட்டியைத் திறந்து வெஞ்சனத்தில் கை வைத்தேன். நாலாம் நம்பர் டிரம் உறுமியது. பிறகு உள்ளே எதுவோ தொப்பென்று விழுந்தது. ஈரத்தோல் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"மாப்ள! சாவி எங்கிட்ட இருக்கு! சாவி எங்கிட்டதான்டா இருக்கு!"

ஒவ்வொரு சுற்றிலும் அவரை மேலே தூக்கிக்கொண்டுபோய் முளைகளின் மேல் அறைந்தது. மூன்றாவது அறைக்குப் பிறகு குரல் இல்லை. மெயினை இறக்கினேன். கரண்டு நின்றது, சுற்றிய வேகத்தில் டிரம் நிற்கவில்லை. கடப்பாரையைத் தூக்கிப் பல்சக்கரத்தில் குத்தினேன். அது எகிறி என் இரண்டு விரல்களை முறித்துவிட்டுப் போனது. மறுபடி எடுத்துக் குத்தினேன். டிரம் நடுங்கி நின்றது. கதவு வழியாக ரத்தம் என் சட்டையில் வடிந்தது.

இழுத்து வெளியே போட்டேன். ஒரு கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. மண்டை எலும்பு தெரிந்தது. இறுக்கிப் பிடித்த முஷ்டிக்குள் சாவி, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு.

"சாவி எங்கிட்டதானடா இருந்துச்சு... எப்படிடா ஓடுச்சு?"

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லோடு ஆட்டோ நாகல் நகரைத் தாண்டும்போது மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் பிரபு ஓடிவந்தான். "உன் மிஷினு கொன்னுருச்சுடா!" என்று ஒரே குத்து. கீழே விழுந்தவனின் விலாவில் மிதித்தேன். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் தடுக்கவில்லை. ரத்தம் ஒழுகும் வாயோடு போனைத் தூக்கிக் காட்டினான்.

"அடிங்கண்ணே. நானும் இதைப் படிக்காமத்தான் ஓகே அமுக்குனேன். படிச்சுட்டு அடிங்க."

படித்தேன். ஏஜென்ட் கேட்டிருந்தது: 'சாவியை எடுத்தவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்? டிரம்முக்குள் இருக்க வாய்ப்பு உண்டா?'

அதன் கீழே நான் பேசியது அப்படியே எழுத்தில் இருந்தது: 'அந்தாளு வீட்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருப்பாரு. நீ ஓட்டு.'

பிரபுவின் தலைமுடியை விட்டேன்.

உள்ளேயிருந்து நர்கீஸ் அக்கா வந்தார். மாமாவின் மனைவி. அழுது அழுது குரல் போயிருந்தது.

"தம்பி, அவரு சாவிய எடுக்காமத்தான் உள்ள போனாராம். எல்லாரும் சொல்றாக. நீங்க சொல்லுங்க, அப்படியா போவாரு?"

மாமாதான் சாவி மறக்கிற ஆளாச்சே. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஊர் நம்பிவிடும். பிரபு சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுத்தான்க்கா போனாரு. கையிலயேதான் இருந்துச்சு. சாவி இல்லாமலும் ஓடணும்னு மிஷினுகிட்ட நான்தான் சொன்னேன். சாவிய எடுத்தவரு எங்க இருப்பாருன்னு அது எங்கிட்டத்தான் கேட்டுச்சு. நான்தான் வீட்ல இருப்பாருன்னு சொன்னேன்."

அக்கா காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். நான் தடுக்கக் கையைத் தூக்கவில்லை.