பாதி டேங்கர்

டீசல் டேங்கர் ஓட்டுகிறவனுக்கு, டீசலை ஒழிக்கக் கிளம்பிய மகள். எங்கள் வீட்டுப் பொருத்தம் அப்படி. அன்று காலையும் சண்டை.

"எண்ணெயே வேணாங்கிறியே, நீ பல்லு விளக்குற பிரஷ்கூட அதுல செஞ்சதுதான்டி."

"தெரியும்ப்பா. அதுக்காக எப்பவுமே நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்துறதுக்கு அது என்ன, ஃபேன் சுவிட்சா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குப் பாதியை இறக்கிவிட்டு, மீதியோடு குடிதண்ணீர் பம்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூறல் வேறு. என் வண்டி பழசு. டேங்குக்குள் தடுப்பு கிடையாது. முழு டேங்கரைவிடப் பாதி டேங்கர் பொல்லாதது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே டீசல் நிற்காது. முன்னால் பாய்ந்து, பின்னால் போய், திரும்பி வந்து மோதி, நின்ற வண்டியையே தள்ளும்.

வளைவில் திரும்பினேன். சாலையை அடைத்து இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் 'எண்ணெய் வேண்டாம்' அட்டைகளோடு. முதல் வரிசையில் என் மகள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கப்பா நிறுத்திடுவாருன்னு சொன்னேன்ல என்கிற சிரிப்போடு அவள் எழுந்து, வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் டீசல் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஹார்னை அழுத்தினேன். தள்ளிப் போடி என்று கத்தினேன். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது காலைச் சண்டையின் மிச்சமாகத் தெரிந்திருக்கும். சிரிப்பை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள். அசையவில்லை. பிடிவாதத்தில் அப்படியே நான்.

தொம்மென்று டீசல் மோதியது. நான் மிதித்த பிரேக்கோடு வண்டி முன்னால் சறுக்கியது. பம்பர் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது.

இறங்கினேன். அறைவதற்குத்தான் போனேன். கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"நின்னுடுச்சேப்பா... அப்புறம் எப்படி வந்துச்சு?"

"நான் நிறுத்திட்டேன்டி. உள்ள இருக்கிறது நிக்கல."

டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே இன்னும் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. இப்போது கூப்பிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"யாரும் போக வேணாம். வண்டி நிக்க எடம் விட்டு, இன்னும் தள்ளி உக்காருங்க."