வெறும் கையால்

"ஒட்டாதும்மா. தொட்டாலும் வராது, சேர்ந்து சாப்பிட்டாலும் வராது."

காலையிலிருந்து தோல் டாக்டர் இதையே கிளிப்பிள்ளை போல ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. வெளியே பெஞ்சில் கூட்டம் குறைந்தபாடில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை என்று அவளுக்கும் தெரியும். ஓய்வு பெறுகிற வயதில் அவர்களோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த மெக்கானிக் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். சோரியாசிஸ். தலை, முழங்கை, விரல் எல்லாம் செதில் செதிலாக உரிந்திருந்தது. பக்கத்தில் அவன் மனைவி, மடியில் எட்டு மாதக் குழந்தை.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். பொறந்ததுலேருந்து இவரு பிள்ளையத் தொட்டதே இல்ல. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாரு."

"ஒட்டாதுப்பா, தைரியமாத் தூக்கு" என்றாள் டாக்டர், கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டே.

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு டாக்டர் உறை போட்டுக்கிட்டுத் தொட்டீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வியை அவன் தணிந்த குரலில்தான் கேட்டான். யார் வந்தாலும் போடுவதுதான், பழக்கம். ஆனால் அது சொத்தைப் பதில் என்று அவளுக்கே பட்டது. இத்தனை வருஷமாக வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கையைக் குடு" என்றாள். வெறும் கையால் அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தாள். நடுவிரலில் அழுத்தியபோது அவன் பல்லைக் கடித்தான்.

"காலைல விரல் மடங்குதா?"

"வெயில் ஏறுற வரைக்கும் ஸ்பேனரே பிடிக்க முடியாது. வேலையால வர்ற வலின்னு விட்டுட்டேன்."

"இந்த நோயாலதாம்ப்பா. இது தோலோட நிக்காது, மூட்டுலயும் இறங்கும். சுகர், பிரஷர், இதயம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். இப்படியே விட்டா விரல் கோணிக்கும். அப்புறம் ஆசைப்பட்டாலும் பிள்ளையத் தூக்க முடியாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் பிடியை விட்ட பிறகும் கை அங்கேயே மேசைமேல் கிடந்தது. மனைவி குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

குழந்தை அவன் முகத்தை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீலென்று அலறி அம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. ஒரே வீட்டில் இருந்த அப்பனை அதற்கு யாரென்றே தெரியவில்லை.

"பயப்படுது, வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்று பதறினான்.

மனைவி எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. "வாங்க மாட்டேன். நீங்களே சமாதானப்படுத்துங்க."

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸிடம், அடுத்த ஆள் இருக்கட்டும் என்று டாக்டர் சைகை காட்டினாள். மெக்கானிக் குழந்தையின் முதுகைத் தட்டினான். தட்டத் தட்ட அழுகை ஏறியது.

"அழாதடா செல்லம்... நான்தாண்டா உன் அப்பா" என்று அவன் பெற்ற பிள்ளையிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான்.