உப்புக் கல்லின் மூன்று பக்கங்கள்

உள்ளங்கையில் கல் உப்பை வைத்து மூடிக்கொண்டு எழுதப்பட்டது இது. ஒரு சொல் பொய்யானாலும், எழுதியவன் வீட்டுக் குழம்பு ஆறு மாதத்துக்குச் சப்பென்று போகட்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் சித்திரை மாதம், மரக்காணம் சக்கரபாணியின் உப்பளத்தில் தேங்காய் அளவுக்கு ஒரே கல்லாக உப்பு விளைந்தது. பொழுது சாய்ந்தபின் அது மின்னியதைப் பார்த்து, கலங்கரை விளக்கம் என்று நம்பிய கூனிமேட்டுப் படகொன்று உப்புப் பாத்தி வரைக்கும் வந்துவிட்டது. திருப்பி அனுப்பத்தான் கொஞ்சம் சிரமம்.

சக்கரபாணிக்குக் கல்லைவிடப் பெரிய கவலை மகள் மலர்கொடி. சென்னையில் படிக ஆராய்ச்சி செய்கிற அவளும், அவளோடு ஆராய்ச்சி செய்கிற, பிரம்மதேசம் கிராமத்து சரவணகுமாரும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்று வந்து நின்றார்கள். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உப்பளத்தில் ஒரு வழக்கம்: விற்கிறவர் ஆளும் வாங்குகிறவர் ஆளும் மூட்டைகளைத் தனித்தனியாக எண்ணுவார்கள். இரண்டும் ஒத்தால்தான் லாரி நகரும்.

“இந்தக் கல்ல ரெண்டு பேரும் தனித்தனியா ஆராய்ச்சி பண்ணுங்க. ஒரே விடை வந்தா முகூர்த்தம். இல்லன்னா தம்பி பஸ் ஏறிடணும்” என்றார் சக்கரபாணி.

“சரிங்க மாமா” என்றான் சரவணகுமார்.

“மாமால்லாம் அப்புறம்.”

ஒரு துணுக்கை உடைத்துச் சென்னையில் எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். கிடைத்த புள்ளிப் படங்களை சிடியில் ஏற்றிக்கொண்டு வந்து, மரக்காணத்தில் சேட்டு நடத்திய பிரவுசிங் சென்டரில் ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார்ந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சக்கரபாணி. காப்பியடிக்கக் கூடாதல்லவா.

படிகம் என்பது ஒரே மாதிரியான குட்டிப் பெட்டிகளின் அடுக்கு. இந்தக் கல்லின் பெட்டிக்கு மூன்று பக்கமும் மூன்று நீளம். இரண்டு பக்கங்களில் அணுக்கள் திருகு படிக்கட்டு மாதிரி ஏறின. மிகக் குட்டையான பக்கத்தில் மட்டும் திருகல் இல்லை. கணக்கு முடியும்போது கம்ப்யூட்டர் கேட்டது: பக்கங்களை நீளவாரியாக எழுதவா, திருகாததைக் கடைசியில் நிறுத்தவா? எதைச் சொன்னாலும் கல் அதேதான், ஸ்பேஸ் குரூப் என்கிற அமைப்புப் பெயர்தான் மாறும். பள்ளிக்கூட பிரேயரில் உயர வரிசையில் நின்று பழகிய சரவணகுமார் நீளவாரி என்றான். மலர்கொடி திருகாததைக் கடைசிக்குத் தள்ளினாள்.

காகிதங்கள் வந்தன. அவனுடையது குட்டையில் தொடங்கியது, அவளுடையது குட்டையில் முடிந்தது.

“ஸ்பேஸ் குரூப்புன்னு போட்டிருக்குதே, அதுவும் வேற வேற” என்றார் சக்கரபாணி. “குரூப்பே சேரலயேம்பா.”

“ஒரே கல்லுதாங்க மாமா. வரிசைதான் வேற. இவ கொஞ்சம் மாத்திக்கிட்டா...”

“நான் ஏன் மாத்தணும்? நீ மாத்து” என்றாள் மலர்கொடி.

“உயரப்படி நிக்க வெச்சா என்ன தப்பு?”

“நீ குட்டை. அதான் குட்டை முன்னாடி நிக்கணும்ன்ற.”

“இதுக்கே இப்பிடின்னா, புள்ளைக்குப் பேரு வெக்கிறப்ப போலீஸ் வரணும்ணே” என்றார் சேட்டு.

“நாளைக்கு இன்னொரு தடவை. அதோட சரி” என்று எழுந்தார் சக்கரபாணி.

மூன்று பக்கங்களின் வரிசைக்காக மலர்கொடியை விட்டுவிட்டு பஸ் ஏறுவதாவது என்று சரவணகுமார் ராத்திரி முழுக்க யோசித்தான். மறுநாள் ரோஷத்தை விழுங்கிவிட்டு, திருகாததைக் கடைசியில் நிறுத்தினான். தடுப்புக்கு அந்தப் பக்கம் மலர்கொடியும் அதே ரோஷத்தை விழுங்கிவிட்டு, நீளவாரி என்று சொல்லியிருந்தாள்.

“இன்னிக்கும் ஒக்கல” என்றார் சக்கரபாணி. “தம்பி, கெளம்பு.”

சரவணகுமார் பையைத் தோளில் மாட்டினான். சக்கரபாணிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி பாப்பாத்தி, நாற்காலியில் கிடந்த நான்கு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நேத்து இவ சொன்னத இன்னிக்கு அவன் சொல்றான். நேத்து அவன் சொன்னத இன்னிக்கு இவ சொல்றா. ரெண்டும் விட்டுக்குடுக்குதுங்க. இன்னும் எதுக்கு லாரிய நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

சக்கரபாணி தூக்குவாளியைத் திறந்தார், மூடினார். பிறகு, “மாப்ள, பைய எறக்கி வெய்யி” என்றார்.

ஆவணியில் கல்யாணம். அந்தக் கல்லை உடைத்துத்தான் சாம்பாருக்குப் போட்டார்கள். எக்கியார்குப்பத்திலிருந்து வந்தவர்கள் அந்த ருசிக்காக மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டு உப்பின் படிகப் பெட்டிக்கு மூன்று பக்கமும் ஒரே நீளம். எந்த வரிசையில் எழுதினாலும் விடை ஒன்றுதான். இந்தக் கல்லுக்கு மட்டும் மூன்று நீளம் எப்படி என்று கேட்காதீர்கள், எழுதியவன் வீட்டில் இப்போது குழம்பு சப்பென்றுதான் இருக்கிறது.