முதல் பாதி

தலையணையைத் தலைகீழாகப் பிடித்து உதறியதில் பழைய இலவம்பஞ்சு மட்டும்தான் கொட்டியது. கிழவர் சங்கிலி, உறைக்குள் கையை விட்டு மூலைவரை துழாவினார். ஒரு கொண்டை ஊசி அகப்பட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மின்கம்பத்தடியில் கிடந்த பாயை விரித்தார், சுருட்டினார், மறுபடி விரித்தார்.

வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் அவர் பெண்டாட்டி ஒச்சாயி கிடந்தாள். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு இந்தப் பாயில் சாய்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. செத்தவள் படுத்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாதென்று காலையிலேயே பெண்கள் எல்லாவற்றையும் தெருமுனையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"என்ன மச்சான் தேடுறீக?" ஒச்சாயியின் தம்பி விருமாண்டி பின்னால் வந்து நின்றான்.

"ஒண்ணுமில்ல மாப்ள."

பெண்டாட்டியைக் குளிப்பாட்டக் காத்திருக்கும் நேரத்தில், ஒரு கிழவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லூர் வெயிலில் ஒண்ணுமில்லாததைத் தேட மாட்டான் என்பது விருமாண்டிக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினான்.

"செயினா?"

"அதெல்லாம் இல்லடா."

"எம்புட்டுப் பவுனு?"

சங்கிலி பதில் சொல்வதற்குள் விருமாண்டி தலையணையின் தையலைப் பிரித்துவிட்டான். எதிர்வீட்டுக்காரி வந்து, "கால்மாட்டுப் பக்கம் பாருங்கண்ணே, பொம்பளைக அங்கதான் சொருகி வைப்போம்" என்று யோசனை சொன்னாள். சங்கு ஊத வந்தவர்கூடச் சங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். சந்து முழுக்கப் பஞ்சு பறந்தது.

சங்கிலி அவர்களைத் தேடவிட்டார். பிணத்தைப் போட்டுவிட்டு நகை தேடுகிறான் என்றால், ஊர் திட்டும், ஆனால் புரிந்துகொள்ளும். கதைப்புத்தகம் தேடுகிறான் என்றால்? அதுவும் முழுப் புத்தகம்கூட இல்லை. பாதி.

'துப்பறியும் நீலமேகம்' மாதாமாதம் வருகிற தொடர். கல்யாணமான புதிதில் புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு. யார் முதலில் படிப்பது என்பதில் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் போனபோது, சங்கிலி ஒருநாள் புத்தகத்தை முதுகோடு பிளந்து இரண்டாக்கினார். டவுன் பஸ் கண்டக்டர் கை. கிழித்த இடத்தில் ஒரு பிசிறு இல்லை. முன்பாதியை ஒச்சாயி பிடுங்கிக்கொண்டாள். "எங்க வீட்ல கதைய மொதல்லருந்துதான் படிப்போம்" என்றாள். மிச்சம் அவருக்கு.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. சங்கிலிக்குத் தலை நரைத்தது, கடைவாய்ப் பற்கள் போயின, பென்ஷன் வந்தது. நீலமேகத்துக்கு மட்டும் இன்னும் முப்பத்திரண்டு வயதுதான். சங்கிலி கதைக்குள் நுழையும்போதெல்லாம் கொலை நடந்து, பிணத்தை எடுத்து, போஸ்ட்மார்ட்டமும் முடிந்திருக்கும். யார் செத்தது, எதற்கு இத்தனை பேர் அழுகிறார்கள் என்று ஒன்றும் விளங்காது.

"ஏத்தா, இந்தக் கோமதிநாயகம் யாரு?"

"செத்தவரே அவருதான?"

"நல்ல ஆளா?"

"தங்கமான ஆளுங்க. வேலைக்காரி மகளப் படிக்க வச்சாருல்ல."

"அடப்பாவமே. அவரக் கொன்னது யாருன்னா—"

"வாயத் தொறந்தீக, ராத்திரிக்குப் பட்டினிதான்!"

அவள் முன்பாதியை முடித்து, பின்பாதியையும் வாங்கிப் படிக்கும்வரை, கொலைகாரன் பெயரைச் சுடுவடை மாதிரி வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டு திரிவார். முன்பாதியை அவர் தொட்டதே இல்லை. அதைத்தான் அவள் சொல்லிவிடுவாளே. நீலமேகம் பிடித்த கொலைகாரர்கள் அத்தனை பேரையும் சங்கிலிக்குத் தெரியும். செத்தவர்களை, ஒச்சாயி சொல்லித்தான் தெரியும்.

நேற்றும் அவர்தான் முந்தினார். செத்தவள் மரகதம் என்று ஒருத்தி. கொன்றவன் மாட்டிக்கொண்டான், வழக்கு முடிந்தது.

"ஏத்தா, இந்த மரகதம் எப்படிப்பட்ட பொம்பள?"

பாயில் சாய்ந்திருந்த ஒச்சாயி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "அவளா?" என்று சிரித்தாள். "இருங்க, இந்தப் பக்கத்த முடிச்சிட்டுச் சொல்றேன்."

அவர் டீ போட்டு எடுத்துவந்தபோது கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

எதற்குச் சிரித்தாள்? அது தெரிய வேண்டும் அவருக்கு. இனி அதைக் கேட்க அந்தப் பாதியை விட்டால் வேறு ஆள் இல்லை.

"அப்பா, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க நேரமாச்சு. தெருவுல என்ன செய்றீங்க?" மகள் முத்துமீனா வாசலிலிருந்து கூப்பிட்டாள். விருமாண்டி பஞ்சைத் தட்டிவிட்டு ஏமாற்றத்தோடு எழுந்தான்.

வாய்க்கரிசி போடும்போது சங்கிலி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில்லாமல் யாரோ மாதிரி இருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தடம் மட்டும் ஒச்சாயியுடையதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவரைப் பின்னால் இருந்தவர்கள் தோளைத் தொட்டு நகர்த்தினார்கள்.

தத்தனேரிச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, குளித்து, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தவருக்கு முத்துமீனா காபி கொண்டுவந்தாள். அலமாரி, டிவிக்குப் பின்புறம், அரிசி டிரம் எல்லாம் அவர் பார்த்தாயிற்று. இனி வெட்கப்பட்டு ஆகப்போவதில்லை.

"ஏம்மா, அம்மா படிச்சுக்கிட்டிருந்துச்சே… அந்தப் பொஸ்தகம்…"

"அதுவாப்பா?" காலையிலிருந்து அழுது வீங்கிய முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தது. "தூக்குறதுக்கு முன்னாடி நான்தான் அம்மா கைக்குள்ள வச்சு, சேலையால மூடிவிட்டேன். பாதிக் கதையில போகுதேன்னு மனசு கேக்கலப்பா. போற வழியில படிக்கட்டும்னு…"

சங்கிலி டம்ளரைப் பார்த்தார்.

"செஞ்சது சரிதானப்பா?"

"ரொம்பச் சரி." டம்ளரைக் கீழே வைத்தார். "பின்பாதிய விட்டுட்டியே, அதான். அங்க போயி எவன் கொன்னான்னு தெரியாம, எமனப் போட்டு அரிச்சு எடுக்கப் போறா."

முத்துமீனா குபுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். சங்கிலி அவள் தலையைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தார். காபியில் ஆடை படிந்தது.

கருமாதி முடிந்து அவள் கோயம்புத்தூருக்குத் திரும்பிய அன்று, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டார். "நீங்களும் வந்துருங்களேப்பா" என்று ஜன்னல் வழியாக மறுபடியும் சொன்னாள். "வாரேன், வாரேன். மொதல்ல நீ போயிச் சேரு" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பழைய பழக்கம். டிரைவரும் எடுத்துவிட்டார்.

அங்கிருந்த புத்தகக் கடையில் நீலமேகம் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் வாங்கிட்டுப் போனீகளேண்ணே?" என்றான் கடைக்காரன்.

"அது வீட்டம்மா கொண்டுபோயிருச்சு."

"இனிமே ரெண்டா வாங்குங்க. வீட்டுல சண்டை மிச்சம்."

"அதுவும் சரிதான்" என்றார் சங்கிலி.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தபோது, விரல் தானாக நடுப்பக்கத்துக்குத்தான் போனது. நீலமேகம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கிருந்து திருப்பித் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

மரகதம் உயிரோடு இருந்தாள்.

வாசலில் நின்று ஒரு முழம் பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு ரூபாய் குறைத்து வாங்கி, அதே பூக்காரிக்கு உள்ளே கூப்பிட்டு நான்கு இட்லி வைத்தாள். ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை பிடித்தாள். மாடிப்படியில் திருட்டுப்பூனையை உட்கார வைத்து, கணக்குக் கேட்டு, தீர்ப்பும் சொன்னாள். சங்கிலி சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"பெரிய ஆளுதான்த்தா இவ" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னார்.

மல்லிகைப்பூ மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர், "யாருண்ணே?" என்றார்.

"இல்ல… கதையில."

செல்லூர் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் ஊராகக் கத்திப் பார்த்துவிட்டு விசில் அடித்துக் கிளம்பினான். பூ மூட்டைக்காரரும் எழுந்து போனார். பெஞ்சு காலியாக இருந்தது.

மரகதம் சாயங்கால டீக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். 'இதோ வாரேன் என்று குரல் கொடுத்தபடி அடுப்பைக் குறைத்துவிட்டு மரகதம்' என்பதோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது.

தாளின் ஓரத்தைப் பிடித்த விரலைச் சங்கிலி அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனார். மரகதம் வாசலில் நின்று ஒரு முழம் பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.