ஞானபாக்கியத்தின் கிணறு

"ஏம்மா, யாருமே இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பூட்டு?"

பக்கத்து வீட்டைக் காட்டி மகள் சந்தனம் கேட்டபோது சண்முகத்தாய் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "வீட்டுக்காரவுக வருவாக, ஆத்தா" என்றாள்.

வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி ஜேசுராஜ். மனைவி ஞானபாக்கியம் இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு கோவைக்குப் போய்விட்டார். தேனிக் கடைத்தெருவுக்குப் பின்னால் அந்தச் சந்தில் இன்னும் சில வீடுகள் அப்படித்தான் கிடந்தன. ஓடு சரிந்து, முற்றத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. ஜேசுராஜ் வீட்டுப் பக்கச்சுவர் சண்முகத்தாயின் குடிசைமேல் சாய்ந்து நின்றதைத் தெருவே பார்த்தது. வியாபாரிகள் சங்கத்திலும் பேசினார்கள். ஆனால் அடுத்தவர் போட்ட பூட்டைத் தொடுவது அந்தக் கடைத்தெருவில் வழக்கமில்லை. ஆள் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆள் வரவில்லை, ஐப்பசி மழைதான் வந்தது. ஒரு விடியற்காலையில் சுவர் விழுந்தது. சண்முகத்தாய் வெளியே அடுப்படியில் இருந்தாள். சந்தனம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் வைகுண்டராஜ் எழுந்தார். பூட்டிக் கிடக்கும் வீடுகளை உடையவரிடம் கேட்டு வாங்கி, மகமையில் சீர்செய்து, வீடில்லாதவர்களைக் குடிவைக்க வேண்டும் என்றார். மகமை என்பது ஒவ்வொரு கடையும் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது.

"மகமை திருவிழாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். பாம்பு குடியிருக்கிற வீட்டுக்கா?" என்றார் இரும்புக்கடை சுயம்புலிங்கம்.

"பூட்டைக் காப்பாத்துனோம்யா. பிள்ளையக் காப்பாத்தலையே" என்றார் வைகுண்டராஜ்.



முதலில் ஜேசுராஜ் வீட்டைச் சீர்செய்து சண்முகத்தாய்க்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வைகுண்டராஜ் கோவையிலிருந்து ஜேசுராஜைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அண்ணாச்சி. கோம்பையில அண்ணன் இருக்காக. அங்கன போயிர்றேன்."

"உன் மதினி ஒருவேளச் சோத்துக்கு ஒம்பது வேளை பேசுவான்னு நீதானம்மா சொல்லுவ?" என்றார் வைகுண்டராஜ்.

"பேசட்டும். எம்பிள்ளையக் கொன்ன வீட்டுல எப்படிப் படுப்பேன்?"

ஜேசுராஜ் தலை நிமிரவில்லை. "உன் முகத்தப் பாக்க எனக்கு யோக்கியத இல்ல, தாயி" என்று மட்டும் சொன்னார். கண்ணீரில் மேல்துண்டு நனைந்துகொண்டிருந்தது.

சண்முகத்தாய் மூட்டை முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "கொல்லைக் கிணறு தூந்துபோச்சாய்யா?" என்று கேட்டாள்.

சந்தனம் பிறந்தபோது சண்முகத்தாய்க்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. உறவென்று ஒருவரும் வரவில்லை. தினமும் அந்தக் கிணற்றில் நீர் இறைத்து, வெந்நீர் வைத்து, நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டியவள் ஞானபாக்கியம். பதிலுக்கு ஏதும் செய்யவிடாமலே போய்விட்டாள்.

"அம்மா இருந்திருந்தா சுவத்தச் சாயவிட்டிருக்க மாட்டாக" என்றாள் சண்முகத்தாய். அழுது முடித்தபின், "கிணத்தத் தூர்வாரிக் குடுங்க, அண்ணாச்சி. இருக்கேன். பின்கட்டுல நம்ம சந்து ஜக்கம்மாவும் பிள்ளைகளும் இருக்கட்டும். அவளும் வீடில்லாமத்தான் கிடக்கா" என்றாள்.

அந்த வீட்டில் மறுபடி விளக்கெரிந்தது. பின்கட்டுப் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் சண்முகத்தாய் கைவேலையை நிறுத்திவிட்டுச் சற்று நிற்பாள்.

மறு ஐப்பசியில் ஜேசுராஜ் கோவையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவிப் பூப்போடும் கல்லறைத் திருநாளுக்கு அவர் குடும்பத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். திருநாளுக்கு முதல்நாள் விடியுமுன் சண்முகத்தாய் கிணற்றில் நீர் இறைத்து, கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சி, குடத்தில் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே ஒருவரும் இல்லை. ஞானபாக்கியத்தின் கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினாள். தலைமாட்டில் ஒரு கையை அணைகொடுத்து, மறுகையால் நீரை மெல்ல மெல்ல ஊற்றித் தேய்த்தாள். கடைசியில் முந்தானையால் ஈரம் போக ஒற்றியெடுத்தாள்.