நம்ம வீட்டு மாடி

“காலை நான் பிடிச்சுக்கறேன். தலைப் பக்கம் மெதுவா விடுங்க” என்றான் ஏணியில் நின்றவன். பரணில் முட்டி போட்டிருந்த மற்றவனுக்கு நிமிர இடமில்லை. இருவரும் உச்சி முதல் பாதம் வரை பிளாஸ்டிக் உடை போட்டிருந்தார்கள். பெயிண்டரின் மனைவி ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பைக்குள் கட்டிய உடல் இறங்குவதைப் பார்த்தாள்.

போன வாரம் பெயிண்டர் தானாகத்தான் ஏறினார். அவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும், தனி அறை இருக்கிறதா என்று சுகாதாரத் துறையிலிருந்து போனில் கேட்டார்கள். இருப்பது ஒரே அறை. அடுப்பு, படுக்கை, இரண்டு மகள்கள் எல்லாம் அதற்குள்தான். “இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, வேலைக்குக் கொண்டுபோகும் ஏணியைப் பரணில் சாய்த்தார்.

“ஊர்ல இருக்கற மாடிக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சாச்சு. கடைசியில நமக்கும் ஒரு மாடி கெடைச்சுது பாரு.”

சின்னவள் மட்டும் சிரித்தாள்.

அடுப்புச் சூடெல்லாம் மேலேதான் போயிற்று. அவர் இருமினால் மனைவி அடுப்பை அணைத்துவிடுவாள். அரைவேக்காட்டுச் சோற்றைத்தான் எல்லோரும் தின்றார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க” என்று நேற்றுக்கூடச் சொன்னாள்.

“போனவன் எவன் திரும்பி வந்தான்? இங்கன்னா உங்க பேச்சாவது காதுல விழும்.”

இன்று காலை இருமல் சத்தம் இல்லை. இப்போதாவது கண்ணயர்ந்தாரே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள். பெரியவளின் போன் வகுப்பை நிறுத்தச் சொன்னாள். “அப்பா தூங்கறாரு. மெதுவா பேசுங்க.” மதியம் வரை மூவரும் கிசுகிசுத்தார்கள். சாப்பாட்டோடு ஏறியவள் அவர் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

“முகத்தை ஒரு தடவை...” என்றாள் இப்போது.

“திறக்கக் கூடாதும்மா.”

சந்துக்குள் வண்டி வராது. தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகச் சாத்தப்பட்டது. மருந்து தெளிக்க வந்தவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று, “யாருக்காவது காய்ச்சல், இருமல்னா தனியா வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெரியவள் இருமினாள். வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு தரம். பிறகு எழுந்து ஏணியில் கால் வைத்தாள்.

“நான் மேல படுத்துக்கறேம்மா. பாப்பாவுக்கு ஒட்டிக்கும்.”

“இறங்கு.”

“அவர் சொன்னாருல்ல, தனியா...”

“இறங்குடி.”

அம்மா ஏணியை இழுத்துக்கொண்டுபோய் வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். ஜன்னலைத் திறந்தாள். பாயை விரித்து, சின்னவளைச் சுவரோரம் படுக்கவைத்தாள். நடுவில் தான் படுத்துக்கொண்டு, பெரியவளின் முதுகைத் தடவத் தொடங்கினாள்.