ஆசிரியர் முடிவே முடிவானது

பக்ருதீன் ஏழெட்டு வருஷமாகக் கதைப் போட்டிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பொங்கல் போட்டி, தீபாவளி மலர்ப் போட்டி, வெள்ளிவிழாப் போட்டி, எதையும் விடுவதில்லை. அனுப்பிய கதைகளும் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை வைக்க அவர் ஒருதடவைகூட மறந்ததில்லை.

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்கு ட்ரங்குப் பெட்டிக் கடை. காலையெல்லாம் தகரம் வெட்டி, மூலை மடித்து, சாயம் பூசி வெயிலில் வைப்பார். மத்தியானம் வியாபாரம் படுத்துவிடும். காய்ந்த பெட்டி ஒன்றின் மேல் காகிதத்தைப் பரப்பி எழுத உட்காருவார். வீட்டில் பேச்செல்லாம் உருது. எழுதுவது மட்டும் தமிழில்; பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான். மனைவி அஸ்கரி பேகத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே எந்தக் கதையையும் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அவளுக்கு உருதுவில் சொல்லிக் காட்டுவார். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்பாள். "இந்தப் பொம்பளை இவ்வளவு நேரம் நின்னு பேச மாட்டா. அடுப்புல என்ன வெச்சுட்டு வந்தாளாம்?" என்பாள். அவர் போய் இரண்டு பக்கம் அடித்துவிட்டு வருவார்.

அறுபத்தொன்பதில் சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை குடும்பக் கதைப் போட்டி அறிவித்தது. பக்ருதீனுக்கு எதுவும் ஓடவில்லை. கடைசித் தேதி நெருங்க நெருங்க, வேறு வழி இல்லாமல் தன் வீட்டுக் கதையிலேயே கை வைத்தார்.

அவருடைய அக்கா ஹமீதுன்னிசா மாரண்டஹள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். பல வருஷத்துக்கு முன்னால் அம்மா மௌத்தானது நல்ல சித்திரை வெயிலில். விடிந்ததும் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அவள் பஸ் பிடித்து, அந்த பஸ் பாலக்கோட்டில் பழுதாகி நின்று, அடுத்ததில் ஏறி வந்து இறங்கினாள். ஜமாஅத்தில் பெரியவர்கள், "வெயிலு தாங்காது, இனி வெச்சிருக்க வேணாம்" என்று சொல்லியிருந்தார்கள். பக்ருதீனும் தலையாட்டியிருந்தார். அக்கா தெருவுக்குள் நுழைந்தபோது ஆண்கள் அடக்கம் முடித்துக் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"முகத்தைக் காட்டாம பொதைச்சுட்டியேடா" என்றாள். வாசலில் நின்று அந்த ஒன்றைத்தான் சொன்னாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். பிறகு அவள் இங்கே வரவில்லை, இவர் அங்கே போகவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட ஆள் மூலம்தான் சேதி.

கதையில் பெயர்களை மட்டும் மாற்றினார். தம்பி ஒருநாள் மனசு கேட்காமல் அக்கா ஊருக்குப் போகிறான். வீட்டுக்கு எதிரே நிற்கிறான். அக்கா வாளியோடு வெளியே வந்து துணி உலர்த்துகிறாள். அவள் இவனைப் பார்க்கவில்லை. அவன் தெருவைத் தாண்டாமலே திரும்பி பஸ் ஏறிவிடுகிறான். அவ்வளவுதான் கதை.

கேட்டுக்கொண்டிருந்த அஸ்கரி பேகம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போய் நின்னீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"கதை" என்றார் அவர்.

"சரி, கதை" என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அந்தத் தடவை அவள் ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை.

விதிகள் வழக்கமானவைதாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். சொந்தக் கற்பனையே என்று உறுதிமொழி தர வேண்டும். ஆசிரியர் முடிவே முடிவானது. உறுதிமொழி எழுதும்போது பக்ருதீனின் பேனா கொஞ்சம் தயங்கியது. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பஸ் நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்த தர்மன் கட்டைப் பிரித்த கையோடு ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாய், படம் எல்லாம் போட்டு வந்திருக்குதுங்க! நின்னுக்கிட்டே படிச்சுட்டனுங்க. அந்த ஆளு கடைசியில உள்ள போறான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துட்டுதுங்க."

"உள்ளேயா?" என்று பக்ருதீன் பத்திரிகையை வாங்கினார்.

கடைசிப் பத்தி அவருடையது அல்ல. தம்பி தெருவைத் தாண்டுகிறான். அக்கா வாளியைப் போட்டுவிட்டு, "தம்பி!" என்று அலறியபடி ஓடிவருகிறாள். அவள் கண்ணீர் அவன் தோளை நனைக்கிறது. வானமும் உருகித் தூறுகிறது. அக்கா அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறாள். அதற்குக் கீழே அவருடைய பெயர்.

பத்திரிகைக்கு எழுதிக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். இன்லண்ட் லெட்டர்கூட வாங்கி வைத்தார். அதற்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. பஸ் கம்பெனி குமாஸ்தா கடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "முடிவுதாங்க பிரமாதம்" என்றார். பெட்டி வாங்க வந்த ஓர் அம்மாள், பேரம் பேசாமல் வாங்கிப்போனாள். எல்லோருக்கும் பக்ருதீன் தலையை ஆட்டினார். ஒரு வாரம் ஆட்டிய பிறகு, அது நான் எழுதியதில்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லெட்டர் எழுதாமலே கிடந்தது.

அஸ்கரி பேகத்துக்கு மட்டும் அச்சில் இருந்ததை இருந்தபடியே சொன்னார்.

"இது நீங்க சொன்ன கதை இல்லையே."

"கடைசியை மெட்ராஸ்ல மாத்திட்டாங்க."

"அவங்களுக்கு ஆபாவைத் தெரியுமா?" என்றாள் அவள். ஆபா என்பது அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுவது.

பிறகு ஒருநாள் மாரண்டஹள்ளி காய்கறி வியாபாரி கருப்பண்ணன், மகள் கல்யாணத்துக்குப் பெட்டி எடுக்க வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்து, பூட்டைத் திறந்து மூடிப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்:

"பாய், உங்கக்கா ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. அவுங்க மக சுல்தானா அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சுக் காட்டுச்சாம். 'கதையில உள்ள வந்துட்டான், வூட்டுக்குத்தான் இன்னும் வரக் காணோம்'னு சொல்லச் சொன்னாங்க."

பக்ருதீனுக்குக் காது சுட்டது. அது கோபமா, கூப்பிடுகிறாளா என்று கருப்பண்ணனிடம் கேட்டார்.

"அது எனக்கெப்படித் தெரியுமுங்க? அவுங்க மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரிதானுங்களே இருக்குது."

பதினைந்து நாள் அந்த வேலை இந்த வேலை என்று தள்ளிப்போட்டார். அஸ்கரி பேகம் தானே கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, "இன்னிக்குக் கடை இல்லை. போயிட்டு வாங்க" என்றாள்.

மாரண்டஹள்ளியில் இறங்கி நடந்தார். அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்க் கதவைத் தட்டினார். திறந்த சுல்தானா ஒருகணம் விழித்தாள். பிறகு, "அம்மி, மாமூ!" என்று உள்ளே கத்தினாள்.

ஹமீதுன்னிசா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"வா. உக்காரு" என்றாள். ஒரு காயை ஆய்ந்து போட்டுவிட்டு, "நான் வாளியைப் போட்டுட்டு ஓடிவந்தேனாமே" என்றாள்.

"அது நான் எழுதலை, ஆபா."

"உம்பேரு போட்டிருக்குன்னாளே இவ."

"கடைசியை அவங்க மாத்திட்டாங்க. நான் எழுதினதுல அவன் திரும்பிப் போயிடுவான்."

அவள் நாலைந்து காய்க்கு நார் உரித்தாள்.

"நீ வந்து நின்னியே, அன்னிக்கு மாதிரி."

பக்ருதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"பார்த்தீங்களா?"

"சைக்கிள் கடை ஓரமா நின்னே. பச்சைச் சட்டை. பார்த்துட்டுத்தான் இருந்தேன். கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீயா வரட்டும்னு இருந்துட்டேன். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம்."

அவள் பார்க்கவில்லை என்றுதான் அவர் எழுதியிருந்தார். மெட்ராஸ்காரர்களும் அதை மாற்றவில்லை. சுல்தானா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் எடுத்துக் குடித்தார்.

ஹமீதுன்னிசா காய்த் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"கதை எழுதுறவன்தானே நீ. அம்மி முகம் எப்படி இருந்துச்சு, சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. முதலில் ஏதோ போட்டிக் கதை வாக்கியம் மாதிரி வாயில் வந்தது: தூங்குகிற மாதிரி, நிம்மதியாக. அதைச் சொல்லாமல் விழுங்கினார்.

"வாய் கொஞ்சம் திறந்திருந்துச்சு. தாடையைச் சேர்த்துக் கட்டினாங்க. இடது கண்ணு சரியா மூடலை. நான்தான் விரலால மூடினேன். மறுபடி கொஞ்சம் திறந்துச்சு. நெத்தி மேல அந்தச் சுருக்கம் இருக்குமே, கோவம் வந்தா வருமே, அது இல்லை. முடியில மருதாணி பாதி வரைக்கும் இருந்துச்சு, வேர்ல எல்லாம் வெள்ளை. போட்டு ரொம்ப நாள் ஆச்சு போல."

"நான் போட்டுவிட்டது அது" என்றாள் ஹமீதுன்னிசா. "பக்ரீத் அப்போ."

"கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. உங்க சாயல் அப்பதான் தெரிஞ்சுது."

அவள் முந்தானையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அதை எடுத்துவிட்டு, "எந்தக் கண்ணு, இடதா?" என்று கேட்டாள். இடது என்றார். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவர் முதலிலிருந்து சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினார்.

அதற்கப்புறமும் பக்ருதீன் போட்டிகளுக்கு எழுதினார். ஓர் ஆறுதல் பரிசு வந்தது, மற்றவை வரவில்லை.

அடுத்த மாசம் ஹமீதுன்னிசா தர்மபுரிக்கு வந்தாள். வீட்டுக்குள் நுழையும் முன்பே தம்பியைக் கூட்டிக்கொண்டு கபர்ஸ்தான் வரை போய், மதிலுக்கு வெளியே நின்று துஆ கேட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொன்னாள். நாத்தனார் இரண்டாந்தரம் அந்தக் குழம்பையே கேட்டு வாங்கியபோது, அஸ்கரி பேகம் கரண்டியை நிறைத்து ஊற்றினாள்.